மூன்று மூட்டை உமி

என் பிடிவாதத்தால்தான் எங்கள் புது வீட்டுக் கூரைக்குள் உமி ஏறியது. மேலே தகரம், கீழே பலகை, நடுவே அரையடி இடைவெளி. வெயிலும் பனியும் வீட்டுக்குள் இறங்காமலிருக்க அதில் எதையாவது நிரப்ப வேண்டும். கணவரின் அண்ணன் சக்கரவர்த்தி மாமா தெர்மாகோல் போடச் சொன்னார். மகள் கீதாஞ்சலிக்கு மூச்சு இளைப்பு. அவள் தலைக்கு மேல் அந்த வெள்ளைக் குப்பை வேண்டாம் என்றேன். ஜமுனாமரத்தூர் மில்லில் சாமை உமி சும்மா கிடக்கிறது. வெங்காரம் என்கிற போராக்ஸ் உப்பைக் கரைத்துத் தெளித்துக் காயவைத்தால் தீ பிடிக்காது, கரையானும் அண்டாது என்றார் லாசர் மேஸ்திரி.

"உமிய வச்சி வூடு கட்றாளாம், நல்லா கீது" என்று மாமா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் வாயை அடைக்கவே வேலையை முடுக்கினேன்.

நாளை பால் காய்ச்ச நாள் குறித்திருந்தோம். இன்று மதியம் தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு வைக்க கோகுல்ராஜ் கூரைமேல் வெல்டிங் அடித்துவிட்டுப் போனான். சற்று நேரத்தில் உமி கருகும் வாசனை வந்தது.

"இன்னா வாசனை இது?" என்று மாமா ஓடி வந்தார். பின்னாலேயே மேஸ்திரி. நெருப்பு கண்ணில் படவில்லை. உமி கொழுந்துவிட்டு எரியாது, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு போகும். ஏணி போட்டுப் பலகை பலகையாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் குளிர்ந்திருந்தது. சூட்டைக் கீழே விடக் கூடாது என்றுதானே நிரப்பினோம், உமி அந்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

"தகரத்தப் பிரிச்சித் தண்ணிய ஊத்துங்க!" மாமா கத்தினார்.

"மொத்தமும் நனஞ்சா பூஞ்சை பூத்துடும்ங்க. கொழந்த இங்க படுக்கவே முடியாது" என்றார் மேஸ்திரி. "எந்த எடம்னு தெரிஞ்சா அத மட்டும் பிரிக்கலாம். எல்லாம் வெங்காரம் போட்டதாச்சே, எப்டிப் புகையுது?"

எனக்குத் தெரியும். போன வாரம் மழை. கடைசி மூன்று மூட்டை உமியில் வெங்காரத் தண்ணீர் தெளித்தால் காயாது, குறித்த நாளும் தள்ளிப்போகும். மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தபோது அப்படியே கொட்டி மூடிவிட்டேன். இப்போது சொன்னால் மாமா ஆயுசுக்கும் சிரிப்பார். புகை கண்ணை எரித்தது.

"மூணு மூட்டைக்கு வெங்காரம் போடலீங்க. நான்தான் கொட்னேன். பாப்பா ரூமுக்கு மேல."

மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் உடம்பு கூசியது. மாமா ஏணியேறிக் கடப்பாரையால் பலகையை நெம்பினார். கருகிய உமி பொலபொலவென்று கொட்டியது, நடுவே செக்கச்செவேலென்று தணல். வாளி வாளியாக ஊற்றி அணைத்தோம். பக்கத்து அறைக்கு மேலும் பொறி விழுந்திருந்தது. அங்கே வெங்காரம் போட்ட உமியில் காசளவு கருப்பு, அவ்வளவுதான்.

தணல் விழுந்த இடத்தில்தான் நாளை பாப்பாவின் கட்டிலைப் போடுவதாக இருந்தேன். ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"உடு ஈஸ்வரி. தம்பிகிட்ட இத சொல்லிக்க வேணாம்" என்றார் மாமா.

"சொல்றேன் மாமா. நீங்க சிரிப்பீங்கன்னு பயந்துகினு எம் பொண்ண நெருப்புக்குக் கீழ படுக்க வைக்க இருந்தேன்."

மாமா காலி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.