செல்லியின் பாஸ்

எருமைக்கரட்டுக் கல் குவாரியில் கோழிக்கு முந்திச் சம்மட்டி எழுந்துவிடும். பனி காயாத பாறையில் இரும்பு விழும் ஓசை குடிசைக்குள் வந்து ஆட்களை உலுக்கும். ஆண்கள் பாறையில் துளை போடுவார்கள். பெண்கள் உடைந்த கல்லைக் கூடையில் அள்ளிக் குழியிலிருந்து மேலே சுமப்பார்கள். கல்பொடி தொண்டையில் ஏறி, துப்பினால் எச்சில்கூடச் சாம்பலாய் விழும்.

அன்று செல்லியால் எழ முடியவில்லை. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் முதலாளி கொடுத்த வேலை பாஸ் ரத்து. பாஸ் போனால் குவாரி நிலத்துக் குடிசையும் போச்சு. அதனால் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி படுத்துவிட்டால், பாஸ் இல்லாத இன்னொருத்தி அவள் பாஸில் குழிக்கு இறங்குவாள். படம் ஒட்டாத பாஸ்தானே! மேஸ்திரி சவுரியப்பனுக்கும் இது தெரியும்.

பாஞ்சாலி வந்து நின்றாள். செல்லியின் தம்பி பச்சியப்பனுக்குத் தை மாதம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். ரேஷன் கார்டில் அவள் பெயர் இன்னும் ஏறவில்லை, எனவே பாஸும் இல்லை.

"குடுங்க அண்ணி, நான் போயிட்டு வரேன். நீங்க கஞ்சி குடிச்சிட்டுப் படுங்க."

செல்லியே பாஸை எடுத்து அவள் முந்தானையில் முடிந்துவிட்டாள்.

கொம்பு ஊதி, குழி காலியான பிறகுதான் வெடிக்குத் திரி பற்றவைக்க வேண்டும். அன்று பெங்களூர் லாரி காத்திருந்தது. முதலாளி அவசரப்படுத்தியிருந்தார். கொம்பும் வெடியும் ஒன்றாகக் கேட்டன. கூடையோடு ஏறிக்கொண்டிருந்த பாஞ்சாலியின் தலையில் கல் விழுந்தது. செல்லி காய்ச்சலோடு விழுந்தடித்து ஓடிப் பார்த்தபோது, அவள் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்கியிருக்கவில்லை. பச்சியப்பன் பக்கத்தில் கல்லாய் உட்கார்ந்திருந்தான். பாவி, என் பாஸைக் கொடுத்து அனுப்பினேனே என்று செல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

முதலாளி ஜீப்பில் வந்திறங்கினார்.

"யாருய்யா இது?"

"பாஞ்சாலிங்க. நம்ம பச்சியப்பன் சம்சாரம்" என்றார் சவுரியப்பன்.

"அப்படி ஒருத்தி நம்ம குவாரியில கிடையாதே. ஆடு மேய்க்க வந்தவ தெரியாம குழியில எறங்கிட்டா. எடுத்துட்டுப் போயி எரிங்க."

கூடை சுமக்கும் பெண்களிலிருந்து காசியம்மாள் முன்னே வந்தாள். "கூடை தூக்குனவள ஆடு மேய்ச்சவங்கறீங்களே, ஆடு எங்கீங்க? அவ முந்தானையில பாருங்க, பாஸ் இருக்குது."

முதலாளி பாஸை வாங்கிப் படித்தார். சிரிக்கவும் செய்தார்.

"இதுல செல்லின்னு இருக்குது. செல்லி உசுரோட நிக்கிறா. அப்ப இங்க யாரும் சாவல." பிறகு செல்லியிடம் திரும்பினார். "உம் பேர்ல இன்னொருத்திய அனுப்புனியே, அதுக்குப் பேரு ஆள் மாறாட்டம். ஜெயிலுதான். உன் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எங்கிட்ட இருக்குது. உன் புருஷன் பேரு, ஊரு, வூட்டுல யாரு யாரு, எல்லாம் இருக்குது. வாயத் தெறந்தா எங்க போனாலும் உட மாட்டேன்."

தருமபுரியில் புதிதாக வந்த ஜெராக்ஸ் கடைக்கென்று முதலாளி கார்டைக் கேட்டபோது, பாஸ் வந்தால் ஒரு மரியாதை என்று சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தவர்கள்தான் எல்லோரும். சொந்தப் பெயரே கழுத்துக்குச் சுருக்காகும் என்று யார் கண்டது?

செல்லி பாஞ்சாலியைப் பார்த்தாள். பேசாதிருந்தால் பாஸும் குடிசையும் தங்கும். பாஞ்சாலி மட்டும் ஆடு மேய்த்தவளாக எரிந்துபோவாள்.

"நாந்தாங்க குடுத்தனுப்பினேன்" என்றாள். "எனக்குப் பதிலா வந்து செத்துட்டா. என்னை ஜெயில்ல போடுங்க. ஆனா அவ இங்க வேலை செஞ்சுதான் செத்தான்னு எழுதுங்க." சொல்லிக்கொண்டே அழுதாள்.

காசியம்மாள் தன் பாஸை எடுத்துப் பிணத்தின் காலடியில் வைத்தாள். "எங்காலு வீங்கியிருந்தப்ப இதுல எம் மகதான் வந்தா. என்னையும் சேத்துப் புடிச்சிக் குடுங்க."

"ரம்ஜான் அன்னிக்கு எம் பாஸுலயும் இவ மகதாங்க வந்தா" என்று ஜான் பீ தன்னுடையதை வைத்தாள். மற்ற பெண்களும் முந்தானை முடிச்சுகளை அவிழ்த்தார்கள்.

சவுரியப்பன் தலைப்பாகையைக் கழற்றினார். "இவளக் காலையில குழியில எறக்குனவன் நாந்தாங்க. போலீஸ்லயும் அதத்தான் சொல்லுவேன்."

"நாளைக்கே வேற ஆளு எறக்கறேன். குடிசையெல்லாம் காலி பண்ணுங்கடா!" என்று முதலாளி கத்தினார்.

ஜீப் புழுதி கிளப்பிப் போய்விட்டது. பிணத்தின் பக்கத்திலிருந்து பச்சியப்பன் எழுந்தான்.

"அரூர் ஸ்டேஷனுக்குக் கொண்டு போலாம். அவ பேர எழுதற வரைக்கும் எரிக்கக் கூடாது."

கட்டில் வந்தது. பெண்கள் பிணம் சுமக்கும் வழக்கம் அங்கே கிடையாது. ஆனாலும் கூடை சுமந்த பெண்கள் தோள் கொடுத்தபோது யாரும் தடுக்கவில்லை. குடிசை இருக்குமா, வேலை இருக்குமா, போலீஸ்தான் எழுதுமா என்று ஒருவருக்கும் தெரியாது. குவாரியே அவர்கள் பின்னால் நடந்தது.

அரூர்ச் சாலையில் ஒரு பஸ் ஒதுங்கி நின்றது. ஜன்னலில் தலைநீட்டி ஒருவர் கேட்டார்: "யாருங்க செத்தது?"

"பாஞ்சாலி" என்று செல்லி உரக்கச் சொன்னாள். "எருமைக்கரட்டுக் கல்லு குவாரியில வேலை செஞ்சவ."