நான்கு முறை பிரித்த பாவாடை

ஊரிலே அந்தத் தையல்காரரின் நாடா சுற்றாத இடுப்பே கிடையாது. கண்ணால் பார்த்தாலே போதும், எறும்புக்குக்கூட அளவு பிசகாமல் சட்டை தைப்பார். பருத்தவர்களிடம் மட்டும் இரண்டு அங்குலம் குறைத்துச் சொல்லும் தருமவான். எந்தத் துணியிலும் உள்ளே கொஞ்சம் மடித்து விட்டிருப்பார், பின்னாளில் உடம்பு பருத்தால் பிரித்துக்கொள்ள.

அப்படிப்பட்ட மகானுபாவர், பெற்ற ஒரே மகளின் பாவாடையை இரண்டு மாதத்தில் நான்கு முறை பிரித்துவிட்டார். ஒவ்வொரு முறையும் அதே கிண்டல்: "இப்பத்தான் நம்ம குச்சிக்கு உடம்புல சோறு ஒட்டுது!"

"சோறே எறங்கலப்பா," என்பாள் அந்தப் பத்தொன்பது வயதுக் குச்சி.

"எறங்காமலா இடுப்பு ஏறுது?" தன் நகைச்சுவையில் தானே மயங்கி விழுகிற ஆள் அவர்.

ஐந்தாம் முறை பிரிக்கும்போது மயங்கி விழுந்தவள் அவள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். "சினைப்பையில புற்று. இளவயசுப் பொண்ணுங்களுக்கு அபூர்வமா வர்ற வகை. வாரக்கணக்குல வளர்ந்துரும். வயித்துக்குள்ள பரவி நீர் கோத்திருக்கு. ஆனா கீமோவுக்கு அடங்கக்கூடியது. சுருங்கினா ஆபரேஷன் பண்ணி, இன்னொரு சினைப்பையைக் காப்பாத்தப் பாப்போம்."

"முதல் தடவை பிரிச்சப்பவே கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் ஏழு இடி சேர்ந்து இடித்ததுபோல், கேட்ட தையல்காரரின் காதில் விழுந்தது.

மூன்றாம் கீமோ முடிந்தது. தலையில் ஒரு முடி இல்லை. மறு ஸ்கேனுக்கு இன்னும் நான்கு நாள். நான்கு யுகம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"நீயே அளந்து பாருப்பா," என்றாள் குச்சி. "கடைக்கு வர்றவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லாத."

அளந்தார். "மூணு இன்ச் கொறஞ்சிருக்கு."

"கொறஞ்சது கட்டியா, நானா?"

இதுவரை ஒருமுறைகூட அளந்து பார்க்காத அவள் மேல்கையில் நாடாவைச் சுற்றினார். அது சுற்றிக்கொண்டே போனது. வாய் நிறையக் கிண்டல் வைத்திருந்த மனிதருக்கு ஒரு சொல்தான் வந்தது.

"தெரியலம்மா."

"பாவாடையைப் பிடிச்சுத் தச்சிரு. உள்ள இருக்கிற துணியை மட்டும் வெட்டிராத. நான் மறுபடி குண்டாவேன்."

ஊசியை எடுத்தார். எறும்புக்குச் சட்டை தைப்பவருக்கு ஊசிக் காது அகப்படவில்லை. ஏழு முறை தப்பியது. எட்டாம் முறை, மருந்தில் மரத்துப்போன விரல்களோடு குச்சியே ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.