உறைந்து நின்ற நொடிகள்

அவளுடைய வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: எலி பயப்படுவதை எண்ணுவது. ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்ட எலிகளைப் படமெடுத்து வைத்திருப்பார்கள். திரையில் எலி பயத்தில் அசையாமல் உறைந்து நிற்கும்போதெல்லாம் அவள் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அசைந்ததும் விட வேண்டும். ஆறு வருடத்தில் விரல் காய்த்துப்போயிற்று. "எலி ஜோசியம் முடிஞ்சுதா?" என்று கணவன் சாயங்காலந்தோறும் கேலி செய்வான். எலியை முறைத்துப் பார்க்கச் சம்பளமா என்று அவனுக்கு ஆறு வருடமாகத் தீராத ஆச்சரியம்.

அந்தக் கேலிக்கு அவள் சிரித்து இரண்டு மாதமாகிறது. நான்கு வயது மகள் ஒருநாள் கையில் பொம்மையோடு கூடத்தின் நடுவில் கல்லாய் நின்றாள். கூப்பிட்டும் திரும்பவில்லை. பார்த்த தாய்க்குத் தன் அண்ணன் நினைவு வந்தது. அவனும் இப்படித்தான் ஆரம்பித்தான். பத்தொன்பது வயதில் தட்டோடு சுவரைப் பார்த்து நின்றவன், இன்றைக்கு மனநல விடுதியில் யார் வந்தாலும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. "இது பரம்பரையா வரலாம்மா" என்று டாக்டர் அன்று சொன்னதை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை.

"அவ ஏதோ யோசனைல நிக்கிறா. நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் கணவன்.

அவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி எண்ணுவது. மகள் விளையாடும்போதெல்லாம் கதவோரம் அசையாமல் நின்று, உறையும் நொடிகளை முணுமுணுத்து எண்ணி நோட்டில் எழுதினாள். நான்கு நொடி. ஒன்பது. அடுத்த வாரம் இருபத்திரண்டு. எண்ணிக்கை ஏற ஏற அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரிடம் காட்ட ஆதாரம் வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் செல்போனை மறைத்து வைத்து ஒரு மணி நேரம் படமெடுத்தாள்; நடுநடுவே வந்து பார்த்துவிட்டும் போனாள். மறுநாள் எலிகள் ஓடும் அதே திரையில் அதைப் போட்டு, விசையை அழுத்தி அழுத்திக் கணக்கெடுத்தாள். மொத்தம் பதினொரு நிமிடம்.

அவர்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் எண்ணியதை, விவரம் எதுவும் தெரியாத இன்னொருவர் மறுபடி எண்ண வேண்டும். பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தாள்.

"சொந்தக்காரங்க வீட்டுக் குழந்தை சார். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அவர் நிதானமான மனிதர். படத்தில் வேறென்ன தெரிகிறது என்பதையும் தனிக் கட்டத்தில் குறித்துக்கொண்டே பார்ப்பார். அதுவும் விதிதான். அந்தக் கட்டத்தை அவள் நிரப்பவே இல்லை. மகளை விட்டுக் கண்ணை எடுத்தால்தானே!

"பதினொரு நிமிஷம் சரிதாம்மா. ஆனா கதவு இடுக்குல ரெண்டு கால் தெரியுது பாருங்க. கால் வந்தா குழந்தை நின்னுடுது. போயிட்டா பாடுது, குதிக்குது. பதினாலு தடவைல பதிமூணு தடவை அப்படித்தான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "யாரோ அந்தக் குழந்தைய நல்லாப் பயமுறுத்தி வச்சிருக்காங்க. யாருன்னு விசாரிங்க."

அவள் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

ரத்தத்தில் இல்லை என்று நிம்மதிப்பட அவளுக்கு வழியில்லை. பயப்படாத தாயெலி ஈன்ற குட்டிகளைப் பயந்த தாயெலியிடம் வளர விட்ட சோதனையில் எண்ணியவளே அவள்தான். பெற்றவளைப் போல அல்ல, வளர்த்தவளைப் போலவே அவை பெட்டியின் மூலையில் உறைந்தன. இத்தனை நாள் அண்ணனிடமிருந்து வருமென்று பயந்ததை, தினமும் கதவோரம் நின்று தானே ஊட்டியிருக்கிறாளா?

வீட்டுக்கு ஓடினாள். மகள் தரையில் பொம்மையைத் தாலாட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் விறைத்து எழுந்து நின்றாள்; கண்கூடச் சிமிட்டவில்லை. தாயும் வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் மெல்லக் கேட்டாள்.

"எண்ணி முடிச்சிட்டியாம்மா? நான் அசையலாமா?"