எக்ஸ்ரேயில் உள்ள எக்ஸ்

என் மனைவியின் நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் விழுந்திருந்தது. அது என்ன என்று கேட்டு மருத்துவமனை முழுவதும் அலைந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

படம் எடுத்தவர், "டாக்டரைக் கேளுங்க" என்றார். டாக்டரம்மாவோ படத்தை விளக்குப் பெட்டியில் செருகி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, "பார்ப்போம்" என்றார். அறிக்கையின் கடைசி வரி, 'பிற பரிசோதனைகளுடன் ஒப்பிட்டு நோக்குக' என்று முடிந்தது. யார் நோக்குவது? எழுவாயைத் தேடிப் பிடிக்க வேண்டிய வாக்கியம்! பள்ளியாக இருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். இங்கே அதை எழுத்தெண்ணிப் படித்துவிட்டு ஒருத்தி சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள்.

மறுநாளும் டாக்டரம்மாவிடம் போனோம்.

"ஸ்கேன் ஒண்ணு எடுத்துடலாம் சார்."

"எதுக்கு?"

"எதுக்கும் எடுத்துப் பாத்துடலாமேன்னுதான்."

"அப்போ இந்தப் படத்துல என்ன இருக்கு?"

"அதான் ரிப்போர்ட்லயே இருக்கே."

எனக்குப் பொறுக்கவில்லை.

"எக்ஸ்ரே, எக்ஸ்ரேன்னு தினமும் சொல்றீங்களே, அந்த எக்ஸ் எப்படி வந்துதுன்னு யோசிச்சீங்களா?"

"என்னங்க, ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நான் விடவில்லை. அந்தக் கதிரைக் கண்டுபிடித்தவருக்கு அது இன்னதென்று விளங்கவில்லை. கணக்கில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் போடுவதுபோல, கதிருக்கும் எக்ஸ் என்றே பெயரிட்டார். தமிழில் நாம் அதை ஊடுகதிர் என்றோம். ஊடுருவுவது பெயரில் ஏறியது, தெரியாமை உதிர்ந்துபோயிற்று.

"கண்டுபிடிச்சவரே தெரியலைன்னு பேர்லயே எழுதி வெச்சுட்டாரு. உங்களுக்கு மட்டும் அந்த ஒரு சொல்லு வாயில வராதா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார்.

"தெரியலைங்கம்மா. பழைய தழும்பாவும் இருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்தாத்தான் சொல்ல முடியும்."

"இதை நேத்தே சொல்லியிருந்தா ஒரு வாய் சாப்பிட்டிருப்பேனேம்மா!"

ஸ்கேன் அறைக்கு வெளியே, இரும்பு நாற்காலிகளில் காத்திருந்தோம். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு சொல், அதைப் பிடுங்குவதற்கு இவ்வளவு பாடா?

"என்னங்க, கட்டியா இருக்குமா?" என்றாள் மெல்ல.

'இருக்கவே இருக்காது' என்ற விடை, அழுத்தம் திருத்தமாக, என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தெரியலை" என்றேன்.

"அடேயப்பா, வாத்தியார் வாயிலயும் வந்துடுச்சே!" என்று சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டவள், உள்ளே கூப்பிடும்வரை விடவில்லை.