நான்காம் அங்கத்து மனைவி

காலையில் எழுந்து கணப்பிலிருந்த சாம்பலை வாரினேன். கரி போட்டுப் பற்றவைத்தேன். கொதித்த தண்ணீரில் பாதி சவரத்துக்கு, பாதி தேநீருக்கு. ரொட்டியை நின்றபடியே தின்றேன். சட்டைக் கையில் துக்கத்துக்கான கறுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, பிரிஸ்டல் துறைமுகத் தெரு வழியாக நாடகக் கொட்டகைக்கு நடந்தேன். லெட்டிஸ் இறந்த பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான்.

அந்தக் கொட்டகைக்கு நாடகம் எழுதுபவன் நான். லெட்டிஸ் என் மனைவி. என் நாடகங்களில் மனைவியாக நடித்தவளும் அவள்தான். கல்லூரியில் கிரேக்க நாடகம் படித்துவிட்டு வந்த எனக்கு இங்கே ஒரே ஒரு விதியைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான்காம் அங்கத்தில் மனைவி கணவன் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்டுச் சாக வேண்டும். அதுவும் சனங்களுக்கு முதுகைக் காட்டியபடி. கணவனாக நடிப்பவர் கொட்டகை முதலாளி கிராப்ட்ரீ. திரை இறங்கும்போது அவர் கண்ணீர் மட்டும்தான் தெரிய வேண்டும்.

"இவ அப்பா குடுத்த வீட்ட வித்துக் குடிச்சவன் அவன். இவ எதுக்குங்க மன்னிப்புக் கேக்கறா?" என்று ஒத்திகையில் கேட்பாள் லெட்டிஸ். "இந்த ஊர்ல என் மூஞ்சிய யாருக்குங்க தெரியும்? முதுகக் காட்டினா கை தட்டுவாங்க." எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு திரும்பி விழுந்து சாவாள்.

அன்று அவள் நினைவாக நடக்கவிருந்த நாடகத்துக்கு ஒத்திகை. 'லெட்டிஸ் அம்மையாரின் கடைசி வார்த்தைகளுடன்' என்று ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அவள் இடத்தில் நடிக்க வந்த மிஸ் ஹாலம் மேடையில் முட்டிபோட்டிருந்தாள்.

"என் தெய்வமே, உங்களுக்கு நல்ல மனைவியா இருக்க எனக்குத் தெரியல. மன்னிச்சிடுங்க" என்றாள்.

"கழுத்த இன்னும் திருப்பும்மா, என் வெளிச்சத்துல விழாத" என்றார் கிராப்ட்ரீ. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நீ எழுதற நிலைமையில இல்லன்னு நானே எழுதிட்டேன். தப்பா எடுத்துக்காத. இதக் கேட்டா கல்லும் கரையும்."

எனக்குக் கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை. அந்த வரியை ஊர் கேட்கும், நம்பும். அடுத்த வருடம் எனக்கும் அதுதான் ஞாபகத்தில் இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

"அவ அப்படிச் சொல்லல" என்றேன்.

"சாகறப்ப எல்லாப் பொண்டாட்டியும் இதத்தானப்பா சொல்லுவா."

"மேடையில சொல்லுவா. நான்தான் சொல்ல வெச்சேன்."

மிஸ் ஹாலம் எழுந்து பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். "என்னதான் சொன்னாங்க? நெஜத்தச் சொல்லுங்க. அதையே சொல்லிடறேன்."

"எந்த மனுசன் கேப்பான் அத?" என்றார் கிராப்ட்ரீ. ஆனால் நான் சொல்வதற்காக அவரும் நின்றார்.

கடைசி நாள் மாலை அவள் கட்டிலருகே முட்டிபோட்டு அவள் கையைப் பிடித்திருந்தேன். ஏதோ ஒரு வார்த்தை வரும் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறந்து, என்னைத் தாண்டிப் பார்க்க முயன்றாள்.

"கொஞ்சம் நகருங்களேன், சன்னல மறைக்கறீங்க."