ஜாமீனுக்கு ஒரு பிள்ளை

ராயப்பேட்டை நாஸியா அன்று காலை அக்கா மகளை இரவல் வாங்கிக்கொண்டு நந்தனத்தில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்துக்கு பஸ் ஏறினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் என்னைக் காலான்னு கூப்புடாத, அம்மின்னு கூப்புடு. பேர் கேட்டா மஹ்விஷ்னு சொல்லு, இன்னா?"

ஐந்து வயது அஃப்ரீன், ஐஸ்க்ரீம் உண்டென்றதும் சித்தியை அம்மாவாக்கத் தலையாட்டினாள்.

வெளிநாட்டுத் தோட்டத்தில் ஆறு மாதம் பழம் பறிக்கலாம், ஆறு மாதம் ஊரில் இருக்கலாம், அடுத்த பருவத்துக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள். திட்டம் அதுதான். ஆனால் சின்னப் பிள்ளையை இங்கே விட்டுப் போகிற தாய்க்குத்தான் இடம். அவளையும் வருஷா வருஷம் பிள்ளையோடு வரச்சொல்லிப் பார்ப்பார்கள். பிள்ளை இங்கே இருந்தால் தாய் அங்கேயே தங்கிவிட மாட்டாளாம். அடடா, என்ன மூளை! நகையை அடகு கேட்கிற சேட்டு எவ்வளவோ தேவலை.

மஹ்விஷ் நாஸியாவின் ஒரே மகள். போன பருவத்தில் அவளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. "நடுவில் கிளம்பினால் மறுபடி கூப்பிட மாட்டோம்" என்றான் தோட்டத்து மேஸ்திரி. நாஸியா கிளம்பவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. புருஷன் தௌஃபீக்கோ கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறான். இந்த வருஷமும் அவள் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அதனால் மகள் இறந்ததை அலுவலகத்தில் சொல்லாமல் மறைத்துவிட்டாள்.

அதிகாரி கதிரேசன் சிடுசிடுப்பவர் இல்லை. குழந்தைக்கு பிஸ்கட்டை நீட்டினார்.

"உன் பேர் என்ன பாப்பா?"

"மஹ்விஷ்."

"அம்மா ஊருக்குப் போனா அழுவியா?"

யாரும் சொல்லிக்கொடுக்காமலே குழந்தை நாஸியாவின் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "அழ மாட்டேன். எனக்கு ஒடம்பு சரியில்லன்னா அம்மி ஓடி வந்துடும்."



"வர்ல சார்!" என்று அலறிவிட்டாள் நாஸியா. "நான் வர்ல. எம் பொண்ணு செத்துப்போச்சு சார். மொகத்தக்கூடப் பாக்கல. இது எங்கக்கா பொண்ணு."

கதிரேசன் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அவள் விம்மல் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அவளுக்கு நல்லது செய்கிற அக்கறையோடு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"வேற குழந்தை எதுவும் இல்லையாம்மா? இருந்தா இந்த வருஷமே அனுப்பிடலாம்."