ஒரு படி குறைத்து

ஸ்டுடியோக்காரருக்குச் சோறு போட்டது கல்யாணப் படங்கள். உயிர் என்னவோ பறவைகள் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மனைவியையும் இழுத்துக்கொண்டு கடலோரப் பாறைகளுக்குப் போய்விடுவார். அங்கே சிப்பி கொத்தித் தின்னும் பறவை ஒன்று இருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, அலகு மட்டும் சிவப்பு. எத்தனை தடவை எடுத்தாலும் இறகு சாம்பல் பூசினாற்போல் வெளிறியது. அலகின் சிவப்பும் செத்துப்போனது.

அன்று ஒருவழியாகப் படம் படிந்தது. கேமராத் திரையை மனைவியிடம் நீட்டினார்.

“கேமரா ஒரு மடையன். எதிர்ல பாறையும் பறவையும் கறுப்பா இருந்தா, வெளிச்சம் பத்தலன்னு அதுவாவே கூட்டிடுது. நாமதான் ஒரு படி கொறைக்கணும். இப்பப் பாரு, கறுப்பு கறுப்பாவே இருக்கு. ஒவ்வொரு இறகும் தனித்தனியாத் தெரியுது.”

உண்மைதான். கறுப்புக்குள் பழுப்பும் நீலமும் மினுங்கின. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“நம்ம கல்யாண ஆல்பத்தையும் நீங்கதானே திருத்துனீங்க? அதுல இருக்கறது யாருன்னு எனக்கே தெரியல.”

“அது வேற, இது வேற. அதை நாலு பேரு பாப்பாங்கல்ல?” என்று சிரித்தார்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அந்த வாரமே மகளின் பள்ளி அடையாள அட்டைக்குப் படம் தேவைப்பட்டது. மகள் அம்மா நிறம். அவரே எடுத்து, கம்ப்யூட்டரில் முகத்தை வெளுத்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தார். படத்தில் யார் வீட்டுப் பெண்ணோ இருந்தாள்.

அவர் வெளியே போனதும் மனைவி கேமராவை எடுத்தாள். மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து ஒரு படி குறைத்தாள். முதல் படம் ரொம்ப இருண்டுவிட்டது. துளி ஏற்றினாள். இப்போது கன்னத்தின் பளபளப்பு, புருவத்தின் ஒவ்வொரு மயிர், எல்லாம் வந்தன. திரையை மகளிடம் நீட்டினாள்.

“பாருடி, எவ்ளோ அழகா இருக்க!”

மகள் அப்பாவின் பிரிண்ட்டைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“இதுல நான் கறுப்பா இருக்கேன்மா.”

“நாம கறுப்புதானே கண்ணு.”

“தெரியும். அதான் வேணாங்கறேன். கிளாஸ்ல ஏற்கெனவே கேலி பண்றாங்க. அப்பா எடுத்ததையே குடு.”

மறுநாள் காலை அந்த வெளுத்த முகத்தை அளவாக வெட்டி, கசங்காமல், மகளின் புத்தகப் பையில் அவளே வைத்தனுப்பினாள்.